சமையல்காரி என்று எழுதிய ஏடும், அழகி என்று எழுதும் திரையும்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகள், நாளிதழ்கள், இணையச் செய்தித் தளங்கள் ஆகியவற்றில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒரு நிறுவனம் ஏழு நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டது. உலகின் அழகான பெண் ராணுவத்தினரை வரிசைப்படுத்துவதாகச் சொன்ன அந்தக் காணொளியில் பாதிக்கு மேல் முன்னாள் சோவியத் நாடுகளின் காட்சிகளே இருந்தன. கறுப்பு நிறக் குதிகால் செருப்பு அணிந்து அணிவகுப்புப் பயிற்சி செய்யும் மாணவிகளின் படத்துக்கு ‘ரஷ்ய ராணுவ அழகிகள்’ என்று பெயரிட்டிருந்தார்கள். கைகோத்து வட்டமாக ஆடும் பெண்களும் நடுவில் சில காவலர்களும் தெரிகிற காட்சிக்கு, ‘போருக்குப் போகும் வீரர்களை ஆடிப்பாடி வழியனுப்பும் ரஷ்யப் பெண்கள்’ என்று பின்னணிக் குரல் விளக்கம் சொன்னது. பேருந்திலிருந்து இறங்கி அழுதுகொண்டே சிரிக்கும் பெண்களின் படத்துக்கு ‘விடுமுறை உற்சாகம்’ என்று எழுதியிருந்தார்கள்.

மூன்றும் தவறு. முதல் காட்சி உக்ரைனில் எடுத்தது. அங்கே பெரும் சர்ச்சையாக வெடித்தது. இரண்டாவது, படைக்கு ஆள் பிடிப்பதை எதிர்த்துப் பெண்கள் நடத்திய போராட்டம். மூன்றாவது, போர்க் கைதிகளின் விடுதலை. இதை விளக்கி மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். மூன்றாவதற்குப் பின் ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். மிகப் பணிவாகத்தான் பேசினார். “மேடம், படம் நல்லா இருக்குன்னுதான் எடுத்தோம், வியூஸ் நல்லா போகுது, இப்ப எடுக்க முடியாது. ரெண்டாவது பார்ட்டும் ரெடியாகுது” என்றார். அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அந்த முடிவை எடுத்தவர் அவராக இருக்க முடியாது. எடுத்தவர்களுக்காகவும், இதே வழக்கத்தை வெவ்வேறு அளவில் பின்பற்றும் மற்றவர்களுக்காகவும் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த மருத்துவர். 2013 முதல் 2019 வரை உக்ரைனின் வின்னித்ஸியா நகரில் மருத்துவம் படித்தேன். அந்த நாட்டின் விமானப்படைத் தலைமையகமும் ஒரு பெரிய ராணுவ மருத்துவமனையும் அந்நகரில் இருக்கின்றன. நான் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே கிரீமியா தீபகற்பம் ரஷ்யாவின் கைக்குப் போயிற்று. நாட்டின் கிழக்கிலுள்ள தோன்பாஸில் போர் தொடங்கியது. ஆகவே நான் மருத்துவம் கற்ற ஆண்டுகளும் அந்த நாடு தன் ராணுவத்தை மீண்டும் கட்டிய ஆண்டுகளும் ஒன்றே. ராணுவ வல்லுநர் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். பெண்கள் துப்பாக்கி ஏந்துவதைப் போற்றிப் பாடுவதற்காகவும் எழுதவில்லை. போர் என்ன செய்யும் என்பதைப் படுக்கை படுக்கையாகப் பார்த்தவள் நான். நீங்கள் எழுதும் ஒரு வரித் தலைப்பு எதை அழிக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

குதிகால் செருப்பிலிருந்தே தொடங்குகிறேன். 2021 ஆகஸ்டு 24 அன்று உக்ரைன் தன் விடுதலையின் 30-ஆம் ஆண்டைக் கொண்டாட இருந்தது. அதற்கு முந்தைய மாதம் அணிவகுப்புப் பயிற்சியின் படங்களைப் பாதுகாப்பு அமைச்சகமே வெளியிட்டது. மாணவிகள் சீருடையும் காலில் குதிகால் செருப்புமாக நடந்தார்கள். ஒரு நாளுக்குள் நாடே கொதித்தது. நாடாளுமன்றத்தின் பெண் உறுப்பினர்கள் சோடி சோடியாகச் செருப்புகளை அவைக்கே கொண்டுவந்து, பாதுகாப்பு அமைச்சர் இவற்றைப் போட்டு அணிவகுத்துக் காட்டட்டும் என்றார்கள். அமைச்சர் ஆந்த்ரீய் தரான் வேறு காலணி தருவதாக இறங்கிவர வேண்டியதாயிற்று. அதாவது, ஒரு நாட்டின் பெண்கள் தங்களை அவமானப்படுத்தியதாகச் சொல்லிச் சண்டையிட்டு மாற்றவைத்த படத்தை, நீங்கள் எடுத்து, அதைக் கொண்டாடும் படமாக்கி, போதாக்குறைக்கு அவர்கள் மீது படையெடுத்திருக்கும் நாட்டின் பெயரையும் ஒட்டிவிட்டீர்கள். இதைவிட முழுமையாக ஒரு செய்தியைக் கவிழ்க்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செருப்பு ஏன் அவ்வளவு சுட்டது என்பதற்கு வேறொரு காலணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் குடியிருந்த வீட்டின் அம்மாவுக்கு ஒரே மகள். இனிப்புத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். 2014 கோடையில் தன்னார்வப் படையணி ஒன்றில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முறையான ஒப்பந்தத்தில் ராணுவத்துக்குப் போனார். குளிர்காலத்தில் ஒருமுறை பத்து நாள் விடுப்பில் வந்தவர், சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருந்த வெந்நீர்க் குழாயின் மேல் தன் பூட்ஸைக் காய வைத்தார். ஆண்களுக்கான 41-ஆம் அளவு. அவருடைய பாதம் 36. முன்பகுதியில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, இரண்டு கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொண்டு அதில் நடந்திருக்கிறார். அந்தத் தாள்களை அவர் ஒவ்வொன்றாக உருவி எடுத்து மேசையில் விரித்தபோது, ஈரத்தில் எழுத்துகள் கரைந்து கருநீலமாகியிருந்தன. அவருடைய அம்மா ஒன்றும் பேசாமல் புதிய தாள்களை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு அவர் தன் படைப்பதிவேட்டைக் காட்டினார். எனக்கு அதற்குள் அந்த மொழியைத் தட்டுத் தடுமாறிப் படிக்க வந்திருந்தது. பணி என்ற இடத்தில் ‘சமையல்காரர்’ என்று இருந்தது. அவர் செய்த வேலை, 82 மில்லிமீட்டர் மோட்டார் ஒன்றின் (குண்டை மேல்நோக்கி வீசும் சிறு பீரங்கி) குழுவில் குறி கணக்கிடுவது. கணக்கெழுதியவர் இல்லையா, கணக்கு நன்றாக வந்தது என்று சிரித்தார். தனக்குச் சுமாராகச் சமைக்கக்கூட வராது என்றும் சொன்னார்.

இது அவர் ஒருவரின் கதையன்று. அன்றைய விதிகளின்படி போர்ப் பணியிடங்களில் பெரும்பாலானவற்றில் பெண்களை நியமிக்கவே முடியாது. போர்முனையிலோ ஆள் பற்றாக்குறை. எனவே தளபதிகள் பெண்களைச் சமையல்காரராக, தையல்காரராக, துப்புரவாளராக, எழுத்தராகப் பதிவு செய்துகொண்டு, துப்பாக்கியையும் மோட்டாரையும் கையில் கொடுத்தார்கள். படையில் பெண்களின் உரிமைக்காகப் போராடும் மரியா பெர்லின்ஸ்கா என்பவரின் முன்முயற்சியில் சமூகவியலாளர்கள் 2015-இல் இதை ஆய்ந்து, ‘கண்ணுக்குத் தெரியாத படையணி’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அந்த ஆய்வும் அதையொட்டி எழுந்த குரல்களும் சேர்ந்துதான் 2016 ஜூனில் 60-க்கும் மேற்பட்ட போர்ப் பணியிடங்களைப் பெண்களுக்குத் திறந்தன. 2018 செப்டம்பரில் படைப்பணியில் ஆண் பெண் சமவாய்ப்புக்கான சட்டம் நிறைவேறியது. 2019-இல் கீவ் நகரின் ராணுவப் பள்ளி முதன்முறையாக மாணவிகளைச் சேர்த்தது.

ஏட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன, வீரம் வீரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நான் குடியிருந்த வீட்டு அக்காவுக்கு, அந்தக் குறி கணக்கிட்டவருக்கு, 2016-இல் அருகில் குண்டு வெடித்துத் தலையில் அதிர்வுக் காயம் ஏற்பட்டது. ஒரு காதில் இரைச்சல் நிற்கவில்லை; வெளிச்சம் பார்த்தால் வாந்தி. அந்த நாட்டில் போரில் பங்கேற்றவர் என்ற தகுதி கிடைத்தால்தான் சிகிச்சைச் சலுகை, உதவித்தொகை எல்லாம். விண்ணப்பத்தைப் பார்த்த குழுவின் முதல் கேள்வி, சமையல்காரர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஏன் நின்றார் என்பது. உடன் போரிட்ட ஆண்கள் சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கடிதத்தில் கையெழுத்திட்ட இரண்டு வாரத்தில் இறந்துபோனார். தகுதி கிடைக்க ஓர் ஆண்டுக்கு மேலாயிற்று. அந்த ஓராண்டில் மருந்துச் சீட்டுகளுக்குப் பணம் கொடுத்தது அவருடைய அம்மாவின் ஓய்வூதியமும் என் வீட்டு வாடகையும்தான்.

ஏட்டுக்கு இந்த வழக்கம் சோவியத் காலத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவமான செஞ்சேனையில் எட்டு லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள். குறிபார்த்துச் சுட்டவர்கள், விமானம் ஓட்டியவர்கள், பீரங்கி வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரோ அவர்களைப் ‘போர்க்கள மனைவிகள்’ என்று ஏசியது. பிறகு, தாய்மைக்குக் கேடு என்ற காரணம் சொல்லிப் பெண்களுக்கு ஆகாத வேலைகள் என்று நீண்ட பட்டியல்கள் போட்டார்கள். ஒன்றியம் 1991-இல் கலைந்த பின்னும் பட்டியல்கள் கலையவில்லை. உக்ரைன் 1993-இல் ஏறத்தாழ 450 வேலைகளைத் தடை செய்தது, 2017-இல்தான் விலக்கியது. ரஷ்யா 2000-இல் போட்ட பட்டியலில் 456 வேலைகள். 2021 ஜனவரியில் அது நூற்றளவாகக் குறைந்தது. கஜகஸ்தான் 2021-இல் தன் பட்டியலை முழுதாக நீக்கியது. இவை ராணுவப் பட்டியல்கள் அல்ல என்பது உண்மை. ஆனால் ரயில் ஓட்டவும் சுரங்கத்தில் இறங்கவும் பெண்ணுக்கு உடம்பு ஒத்துழைக்காது என்று எழுதிய அதே பேனாதான், மோட்டார்க் குழுவில் இருந்தவரைச் சமையல்காரர் என்று எழுதியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்த உலகப் போரின் பெண்களையும் நீங்கள் ‘ரஷ்ய வீராங்கனைகள்’ என்றுதான் எழுதுகிறீர்கள். 309 பேரைச் சுட்டு வீழ்த்தியதாகப் பதிவுள்ள லுத்மிலா பாவ்லிச்சென்கோ பிறந்தது உக்ரைனின் பீலா த்செர்க்வா நகரில். 1943 அக்டோபரில் ரஷ்யாவின் நேவெல் நகர் அருகே தன் இயந்திரத் துப்பாக்கியை விட்டு நகராமல் இறந்த மன்ஷூக் மாமெத்தோவாவும், 1944 ஜனவரியில் 18 வயதில் இறந்த அலியா மொல்தாகுலோவாவும் கஜகப் பெண்கள். ஒன்றியத்தின் விளிம்பிலிருந்து வந்தவர்களை மையத்தின் பெயரால் அழைப்பது மாஸ்கோவின் பழைய பழக்கம். அதைச் சென்னையிலிருந்து நாமும் தொடர வேண்டிய கட்டாயம் என்ன?

இந்த மையம், விளிம்பு விவகாரத்தை அறியாததால்தான் இரண்டாவது காட்சியில் நீங்கள் சறுக்கினீர்கள். 2022 செப்டம்பர் 21 அன்று ரஷ்ய அதிபர் புதின் பகுதி அளவிலான படைதிரட்டலை அறிவித்தார். நான்கே நாளில் யாகூட்ஸ்க் நகரில் பெண்கள் கூடினார்கள். அது ரஷ்யாவின் கிழக்கே, சைபீரியாவில் உள்ள சாகா குடியரசின் தலைநகரம். பரப்பில் அந்தக் குடியரசு இந்தியாவை நெருங்கும், மக்களோ பத்து லட்சம் அளவில்தான். ஓசுஒஹாய் என்பது அவர்களுடைய வட்ட நடனம். கோடை விழாவில் கைகோத்துக் கதிரவனை வரவேற்று ஆடுவது. அன்று அந்தப் பெண்கள் அந்த வட்டத்தைக் காவலர்களைச் சுற்றிப் போட்டார்கள். கூட்டம் போட்டால் கைது, முழக்கமிட்டால் வழக்கு என்றிருந்த இடத்தில், பாட்டிகள் சொல்லிக்கொடுத்த நடனத்தைப் போராட்ட வடிவமாக்கினார்கள். அதே நாளில் ரஷ்யாவின் தெற்கே தாகெஸ்தானின் தலைநகர் மகாச்கலாவில் பெண்கள் காவலர்களை நேருக்கு நேர் நின்று திட்டித் தள்ளினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சில நாளில், மங்கோலிய எல்லையை ஒட்டிய துவாவின் தலைநகர் கிஸிலிலும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்.

ஏன் யாகூட்ஸ்க், ஏன் மகாச்கலா, ஏன் கிஸில்? இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தொகுத்துவரும் மீடியாசோனா என்ற ரஷ்யச் சுயேச்சைச் செய்தித் தளம் போன்றோரின் கணக்கில், மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் துவாவும், சைபீரியாவின் புரியாத்தியாவும் மாஸ்கோவைவிடப் பல மடங்கு பேரை இழந்திருக்கின்றன. கூலி குறைந்த, வேலையில்லாத மாவட்டங்களில் ஒப்பந்தப் படைப்பணிதான் நிலையான சம்பளம். அங்கே படைதிரட்டும் ஆணை வந்தால் ஊரே காலியாகும். அந்தப் பெண்கள் படையில் இல்லை. ஆனால் படையின் சுமையை முதலில் தூக்குபவர்கள் அவர்கள். ரஷ்யாவில் இதற்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. 1989-இல் தொடங்கிய படைவீரர்களின் தாய்மார் குழு, முகாம்களில் மூத்தவர்கள் இளைய வீரர்களை அடித்துக் கொல்லும் கொடுமையை வெளியே கொண்டுவந்தது. 1990-களில் ரஷ்யாவின் தெற்கே செச்சென்யாவில் நடந்த முதல் போரில் மகன்களைத் தேடித் தாய்மார் போர்முனைக்கே போனார்கள். 2023-இல் படைதிரட்டப்பட்டவர்களின் மனைவியர் ‘வீட்டுக்கு வழி’ என்ற இயக்கத்தைத் தொடங்கிக் கணவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அரசு அவர்களை அந்நிய முகவர்கள் என்று அறிவித்தது. இப்படிப்பட்ட ஒரு வட்டத்தை ‘ஆடிப்பாடி வழியனுப்பும் பெண்கள்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினால், யாகூட்ஸ்க்கில் அன்று கைகோத்து நின்ற ஒருத்தி உங்களை என்ன கேட்பாள்?

படைக்குள் இருக்கும் ரஷ்யப் பெண்களின் நிலையும் நீங்கள் காட்டுவது போல் இல்லை. 2017-இல்தான் கிராஸ்னதார் விமானப்படைக் கல்லூரி முதல்முறையாகப் பெண்களைப் போர் விமானப் பயிற்சிக்குச் சேர்த்தது. உலகப் போரில் பெண் விமானப் படையணிகளையே நடத்திய நாட்டில் இவ்வளவு தாமதம். போரில் 1,100 பெண்கள் இருப்பதாகப் பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு 2023 மார்ச்சில் சொன்னார். போர்முனை நீளத்துக்கு அது மிகச் சிறிய எண். அதே நாட்டின் ஏவுகணைப் படை, ‘உருமறைப்புச் சீருடைக்குக் கீழே ஒப்பனை’ என்ற பொருளில் பெயர் வைத்துத் தன் பெண் ஊழியர்களுக்கு அழகுப் போட்டி நடத்துகிறது. உங்கள் காணொளியில் வந்த பல படங்கள் இப்படிப்பட்ட போட்டிகளிலிருந்து வந்தவையே. ஆக, அந்த ராணுவத்தின் விளம்பரப் பிரிவு சொல்ல விரும்புவதைத்தான் நீங்கள் சம்பளமில்லாமல் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

உக்ரைன் தரப்பை நான் வெள்ளை அடித்துக் காட்டவும் வரவில்லை. சட்டம் மாறிய பிறகும் சீருடை மாறவில்லை. 2022-இல் முழுப் போர் தொடங்கியபோது, பெண்களுக்கான உள்ளாடை, சரியான அளவுக் காலணி, இடுப்பில் நழுவாத கால்சட்டை என எல்லாவற்றையும் ‘ஸெம்லியாச்கி’ போன்ற தன்னார்வக் குழுக்கள் நன்கொடையில் தைத்து அனுப்பின. பெண்களுக்கான கோடைக் களச் சீருடைக்கு அமைச்சகம் ஒப்புதல் தந்தது 2023 ஆகஸ்டில்தான். என்னுடன் படித்த ஒருவர் இப்போது கிழக்கே, காயம்பட்டவர்களை முதலில் கொண்டுவரும் முகாம் ஒன்றில் மருத்துவர். ஆணின் மார்பளவுக்குச் செய்த கவசம் தோளில் பட்டையாக அழுத்துவதால், குனிந்து நரம்பூசி போடும்போது இரண்டு விரல்கள் மரத்துப்போகின்றன என்கிறார். மருத்துவருக்கு விரல் மரத்தால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தோழியைப் போன்றவர்களால்தான் இந்த விஷயம் எனக்கு மிக நெருக்கமானது. மருத்துவம் படித்த பெண் எப்போதுமே பாதிப் படைவீரர் என்பது சோவியத் விட்டுச்சென்ற ஏற்பாடு. வகுப்பில் உக்ரைன் மாணவிகள் சிலர் வாரத்தில் ஒரு நாள் ராணுவ மருத்துவத் துறைக்குப் பயிற்சிக்குப் போவார்கள். வெளிநாட்டு மாணவர்களான எங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. 2021 டிசம்பரில் உக்ரைனில் கணக்காளர், இதழாளர், இசைக்கலைஞர் வரை பற்பல தொழில்களிலுள்ள பெண்கள் படைப்பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்து, எதிர்ப்பால் சுருங்கியது. (அந்தப் பட்டியலில் உங்கள் தொழிலும் இருந்தது.) 2023 அக்டோபர் 1 முதல் மருத்துவமும் மருந்தியலும் படித்த பெண்களுக்குப் பதிவு கட்டாயம். ரஷ்யாவிலும் மருத்துவப் பெண்களுக்கு இதே நிலைதான். உக்ரைனின் முதல் பெண் ஜெனரல் லுத்மிலா ஷுகாலேய் 2018-இல் அந்தப் பதவிக்கு வந்தது நாட்டின் உளவு அமைப்பான பாதுகாப்புப் பணியகத்தின் மருத்துவப் பிரிவிலிருந்து. படைத் தலைமை ஒன்றை முதலில் ஏற்ற பெண் தெத்யானா ஒஸ்தாஷ்சென்கோவும் 2021-இல் ஏற்றது மருத்துவப் படையையே. ஊசி வழியாகத்தான் பெண்ணுக்கு மேலே போக வழி விடுகிறார்கள். 2024-இல் அந்த ராணுவத்தில் சீருடை அணிந்த பெண்கள் 45,000-க்கும் அதிகம் என்ற எண்ணை நீங்கள் செய்தியாகப் போட்டீர்கள். அவர்களில் எத்தனை பேர் எந்தப் பணியில், எந்த ஏட்டில் என்ற அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு அக்கா 2022-இல் மீண்டும் படைக்குப் போனார். இந்த முறை ஏட்டில் எழுதியிருப்பதை அவரே தொலைபேசியில் படித்துக் காட்டினார்: மோட்டார்ப் பிரிவு, குறிக் கணக்காளர். அடுப்பிலிருந்து ஒருவழியாக விடுதலை என்று சிரித்தார். இந்த ஒரு வரி மாற எட்டு ஆண்டுகள் ஆயின.

மற்ற நாடுகளை எல்லாம் இதே பாத்திரத்தில் போட்டுக் கலக்காதீர்கள் என்பதற்காகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். எஸ்தோனியாவில் பெண்களின் தன்னார்வப் பாதுகாப்பு அமைப்பு 1927-இல் பிறந்து, சோவியத் ஆக்கிரமிப்பில் மறைந்து, 1991-இல் மீண்டும் எழுந்தது. அவர்களுக்கு அது சோவியத் மரபன்று, சோவியத் பறித்த மரபு. ஆர்மீனியா, 2020-இல் அஜர்பைஜானுடன் நடந்த போரின் காயத்திலிருந்து 2023-இல் பெண்களுக்கு ஆறு மாத விருப்பப் படைப்பணியைக் கொண்டுவந்தது. நம் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கும் கிர்கிஸ்தானில், 2010 ஜூனில் ஓஷ் நகரில் கிர்கிஸ், உஸ்பெக் மக்களிடையே கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தபோது நாட்டின் தலைமையில் இருந்தவர் ரோசா ஒதுன்பாயேவா என்ற பெண். பெண்கள் மீது பாலியல் வன்முறை நடந்ததையும், படையினரின் கவச வண்டிகளும் ஆயுதங்களும் கும்பல்களின் கைக்குப் போனதையும் பன்னாட்டு விசாரணைக் குழு பதிவு செய்தது. உச்சியில் ஒரு பெண் இருந்தால் படை மாறிவிடும் என்று மகளிர் தினச் சிறப்பிதழில் எழுதுவதற்கு முன் ஓஷைப் பற்றி ஒரு பத்தி படித்துவிடுங்கள்.

மூன்றாவது காட்சியைப் பற்றிச் சுருக்கமாகவே எழுத முடியும். 2022 அக்டோபர் 17 அன்று 108 உக்ரைன் பெண்கள் ரஷ்யச் சிறையிலிருந்து கைதிப் பரிமாற்றத்தில் வெளியே வந்தார்கள். பெண்கள் மட்டுமே அடங்கிய முதல் பரிமாற்றம் அது. பலர், ரஷ்யப் படை முற்றுகையிட்டுக் கைப்பற்றிய மரியுப்போல் நகரில் பிடிபட்டவர்கள். நீங்கள் ‘விடுமுறை உற்சாகம்’ என்று எழுதிய படம் அன்றையது. அந்த முகங்களை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மருத்துவராக அவற்றில் என்ன கண்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்; அந்தப் பெண்களின் அனுமதி எனக்கு இல்லை. உங்களுக்கும் இருந்திருக்காது.

உங்கள் பிரிவுகளில் ஆள் குறைவு, இரவு நேரத்தில் நிறுவனங்கள் அனுப்பும் செய்தியை அப்படியே மொழிபெயர்க்க வேண்டிய அவசரம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். 2022 பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் பிள்ளைகள் பதுங்கு அறைகளிலும் எல்லைச் சாவடிகளிலும் தவித்தபோது இதே குறைந்த ஆட்களோடு நீங்கள் இரவு பகலாக ஊர் ஊராகப் பெயர் சொல்லி, சரியான உச்சரிப்போடு செய்தி தந்தீர்கள். கார்கீவ், சூமி, ஊஷ்கரத் எல்லாம் தமிழ் வீடுகளில் பழகிய சொற்களானது உங்களால். ஆகவே முடியாது என்று சொல்லாதீர்கள்.

நான் கேட்பவை இவை. அந்தக் காணொளியை வெளியிட்டவர்கள் அதை ஓசையின்றி நீக்கிவிட வேண்டாம். மூன்று காட்சிகளும் எங்கே, எப்போது, எதற்காக எடுத்தவை என்ற திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். இரண்டாம் பகுதியை நிறுத்துங்கள். போர்க் கைதிகளின் படத்தை அழகுப் பட்டியல், பொழுதுபோக்கு என்று எதிலும் இனி எவரும் பயன்படுத்துவதில்லை என்று உங்கள் ஆசிரியர் குழுக்களில் எழுத்து வடிவில் விதி செய்யுங்கள்.

பெண் படையினரைப் பற்றிய செய்தியில் அழகி, தேவதை, சிங்கப்பெண் ஆகிய சொற்களை விட்டுவிட்டு, அவருடைய பதவியையும் பணியையும் எழுதுங்கள். சிங்கப்பெண் என்பது பாராட்டுதானே என்பீர்கள், ஆனால் அதுவும் மோட்டார்க் குழுவின் குறிக் கணக்காளரை மறைக்கும் இன்னொரு சமையல்காரிதான். நாட்டின் பெயரோடு பகுதியின் பெயரையும் எழுதுங்கள்: புரியாத்தியா, துவா, தாகெஸ்தான், சாகா என்று. பதினைந்து நாடுகளுக்கும் சேர்த்து ‘ரஷ்யா’ என்று எழுதும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இன்று உக்ரைன் மொழியும் ரஷ்ய மொழியும் படிக்கத் தெரிந்த மருத்துவர்கள் மாவட்டத்துக்குச் சிலராவது இருக்கிறோம். படத்தின் கீழே இருக்கும் இரண்டு வரியைப் படித்துச் சொல்ல எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். இரவு எந்த நேரமானாலும் சம்பளம் இல்லாமல் செய்து தரத் தயாராக இருக்கிறோம். அதற்கென ஒரு தொடர்பு எண்ணை உங்கள் பிரிவில் ஒருவர் பெயரில் ஒதுக்குங்கள்.

இந்த மடலுக்கான பதிலை இம்முறை தொலைபேசியில் சொல்ல வேண்டாம். திருத்தம் எந்தத் தேதியில் வெளியாகும் என்பதைக் குறிப்பிட்டு, பொறுப்பாசிரியரின் கையெழுத்துடன் எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வின்னித்ஸியாவில் படித்த ஒரு மருத்துவர்,
தர்மபுரி மாவட்டம்